காற்று மாறினால் முகம் மாறும்

நம் வகுப்புக்காரிகளின் வட்ஸ்அப் குழுவில் போன கிழமை வந்த காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பருவம் மாறும்போது சருமப் பராமரிப்பையும் மாற்ற வேண்டும் என்று, கண்ணாடி மாதிரிக் கன்னத்தோடு ஒரு பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலம் தொடங்கியதும் மெல்லிய கிறீமை விட்டுக் கனமான கிறீமுக்குப் போக வேண்டுமாம். பனி கொட்டத் தொடங்கினால் இரண்டு படை பூச வேண்டுமாம். உடனே உங்களில் ஒருத்தி, "எங்கட ஊருக்கு இலையுதிர் காலம் எப்ப வருமெண்டு ஆராவது கேட்டுச் சொல்லுங்கோடி" என்று எழுதினாள். "எனக்கு முடியுதிர் காலம் எப்பவோ வந்திட்டுது" என்றாள் மற்றவள். குழு முழுவதும் சிரிப்பு முகங்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை.

ஒருத்தி தனியாகப் போன் எடுத்துக் கேட்டாள்: "என்ன, உனக்கு இனி வடிவு தேவையில்லையோ?"

தேவையில்லாமல் என்ன? அடுத்த நாளே ஒருவருக்கும் சொல்லாமல் மருந்துக்கடைக்குப் போனவள்தான் நான். என் முகத்துக்கு இனிக் கிறீம் பூசுவது கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. தூரத்தில் கப்பலில் வருகிறவர்களுக்கு வேண்டுமானால் வித்தியாசம் தெரியும். ஆனாலும் போனேன். கடையில் நின்ற பிள்ளை, "அன்ரி, உங்களுக்கு ட்றை ஸ்கின்னா, ஒயிலி ஸ்கின்னா?" என்று கேட்டாள். "கச்சானுக்கு ட்றை, வாடைக்கு ஒயிலி" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தாள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பாகுபாடு என்னுடையதல்ல, என் அக்காவுடையது. உங்களில் சிலருக்கு அவளை ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தால் உங்கள் கன்னத்திலும் எதையாவது தடவித்தான் அனுப்பியிருப்பாள். அவளுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை; பத்து வயதில் எதைக் கேட்பது? "காய்ச்சல்" என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாமும் கேட்டுக்கொண்டோம். வெறும் காய்ச்சல் இல்லை. குழுவில் எழுத ஏலாத அளவுக்கு நீளமான கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மருந்துக்கடைப் பிள்ளைக்காக முதலில் ஒரு விளக்கம். எங்கள் ஊரில் பருவம் என்றால் காற்றுத்தான். வைகாசியில் தென்மேற்கிலிருந்து பிடிக்கிற கச்சான் காற்று, உள்நாட்டுக் காடுகளையெல்லாம் தடவிக்கொண்டு சூடாக வந்து இறங்கும். கொடியில் போட்ட சேலை அப்பளமாக விறைக்கும். கதவுப்பூட்டு கையைச் சுடும். உதடு வெடித்து, சிரித்தால் இரத்தம் வரும் என்பதால் ஊரே கொஞ்சம் கடுகடுப்பாக நடமாடும். கடல் மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலப் படுத்துக்கிடக்கும். ஐப்பசியில் காற்றுத் திரும்பி வடகிழக்கிலிருந்து வாடை பிடித்தால் எல்லாம் தலைகீழ். மழை. உப்புப் போத்தலுக்குள் தண்ணீர். பள்ளிக்கூடச் சப்பாத்தில் பூஞ்சணம். காயாத துணியின் மணம் வீடு முழுக்க. அதுவரை படுத்துக்கிடந்த கடல் எழும்பி நின்று கத்தும்.

துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியில் எங்கள் வீடு. அப்பா துறைமுகக் காரியாலயத்தில் கிளாக்கர். கப்பல் வருவதையும் போவதையும் எழுதி எழுதியே காலம் போனதாலோ என்னவோ, வீட்டில் நடப்பதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியிருந்தார். வீட்டை நடத்தியது அம்மா. அம்மாவை நடத்தியது காற்று. மனிதருக்கு வருகிறதெல்லாம் காற்றோடு வந்து காற்றோடு போகிறது என்பது அவருடைய கொள்கை. தடிமன், கால் வெடிப்பு, என் கணக்குப் பாடம், அப்பாவின் கோபம், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: "காத்து மாறட்டும், சரியாகும்." பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. அதுதான் அந்தக் கொள்கையில் இருந்த ஆபத்து.

அக்கா அந்தக் கொள்கையைச் சருமத்துக்குக் கொண்டுவந்தாள். பெரிய சோதனை எழுதி முடித்துவிட்டு, அப்பாவின் காரியாலயத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ரைப்பிங் பழகப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அலுமாரியில் இரண்டு தட்டுகள். மேல் தட்டில் நடக்கிற காற்றுக்கு உரிய சாமான்கள். கீழ்த் தட்டில் வரப்போகிற காற்றுக்கு உரியவை. கச்சானுக்கு, பன்னீர் கலந்த கிளிசரின் ஒரு நீலப் போத்தலில். சவர்க்காரம் அந்த மாதங்களில் முகத்துக்குத் தடை, பயற்றம் மாவும் தயிரும்தான். காலையில் கற்றாழை மடலைக் கீறி அந்தக் குளிர்ந்த வழுவழுப்பை வழித்துப் பூசுவாள். வாடைக்கு நல்லெண்ணெயும் கஸ்தூரி மஞ்சளும். வட்ட ரின்னில் பவுடர் ஒன்று இருந்தது. அதை ஒற்றுகிற ரோசாப்பூ நிறப் பஞ்சுக்கு மட்டும் காற்று வித்தியாசம் கிடையாது, இரண்டு தட்டிலும் மாறி மாறி வாழ்ந்தது.

தட்டு மாற்றுகிற நாள் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. காற்று உண்மையாகவே திரும்பிவிட்டதா, அல்லது இரண்டு நாள் விளையாட்டா என்பதை அக்கா முற்றத்தில் நின்று முடிவு செய்ய மாட்டாள். அப்பா வேலையால் வந்து சைக்கிளைச் சாத்தும்போதே கேட்பாள்: "அப்பா, கப்பல் கொடி எந்தப் பக்கம் பறக்குது?"

அப்பா இதற்கு மட்டும் காரியாலயக் குரலில் பதில் சொல்லுவார். "தென்மேற்குக் காத்து, மகள். காலையில இருந்து நிலையா வீசுது."

துறைமுகத்துக் கொடி பார்த்து முகத்துக்கு எண்ணெய் மாற்றிய பெண் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

புதிதாக எதைக் கலந்தாலும் முதலில் என் கன்னத்தில்தான் பூசிப் பார்ப்பாள். "ஒரு பக்கம் மட்டும்தான். வீங்கினால் மற்றப் பக்கம் மிச்சமிருக்கும்" என்று தைரியம் சொல்லுவாள். ஒரு கச்சான் முழுவதும் நான் இடது கன்னம் ஒரு நிறமும் வலது கன்னம் ஒரு நிறமுமாகப் பள்ளிக்கூடம் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தாலும் எனக்கு நட்டமில்லை.

அந்த வருடக் கச்சான் கொஞ்சம் முந்தியே பிடித்தது. ஆனி மாதம் அளவில் அக்காவின் மூக்குத் தண்டிலும் இரண்டு கன்னத்திலும் ஒரு சிவப்புப் படர்ந்தது.

"வண்ணத்துப்பூச்சி ஒண்டு வந்து குந்தியிருக்கு," என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "துரத்தவோ, விடவோ?"

"வெயிலுக்க ரைப்பிங் கிளாசுக்குப் போய் வாறாய், அதுதான்," என்றார் அம்மா. "கச்சான் சுட்டிருக்கு. கற்றாழையைக் கூடப் பூசு."

கூடப் பூசினாள். வண்ணத்துப்பூச்சி பறக்கவில்லை. பிறகு காலையில் விரல் மூட்டு நோகிறது என்றாள். ரைப்பிங் வகுப்பில் அவளுடைய வேகம் குறைந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தால் ஒரு கதிரையில் இருந்து, மற்றக் கதிரையில் காலை நீட்டி, அப்படியே நித்திரையாகிவிடுவாள். "இந்த வயசில என்னடி அலுப்பு?" என்று அம்மா ஏசுவார். தலை இழுத்தால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. அம்மா முற்றத்துச் செவ்வரத்தை இலையை அரைத்துத் தலைக்கு வைக்கத் தொடங்கினார். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் செவ்வரத்தை மரத்தில் தடி மட்டும் நிற்கிறது. கோட்டைப் பக்கத்தில் கூட்டமாகத் திரிகிற மான்கள் வேலியால் தலை நீட்டி, எட்டியதையெல்லாம் தின்றுவிட்டுப் போயிருந்தன.

"மானுக்கு இனி முடி இடுப்புக்குக் கீழ வளரும்," என்றார் அப்பா.

"அதுக்கும் எங்கயோ சம்பந்தம் பேசுறாங்களாக்கும்," என்றாள் அக்கா.

ஓம், அவளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்துப் பாலையூற்று ஆள். பொம்பிளை பார்க்க மழை தொடங்கின பிறகு, கார்த்திகையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா அவரைக் கோயில் வீதியில் வைத்து ஒருமுறை பார்த்திருக்கிறாள். "நடுப்பகல் வெயிலுக்கு வெக்கப்படாமக் குடை பிடிச்சுக்கொண்டு போன ஒரே ஆம்பிளை," என்று என் காதுக்குள் சொன்னாள். "தோலை மதிக்கிற மனுசன். பொண்டாட்டியையும் மதிப்பார்." அவளுக்கு அவரை நல்ல விருப்பம். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாருடைய கண்ணும் அந்த இரண்டு கன்னத்தில்தான் இருந்தது. கார்த்திகைக்கு முதல் அந்தச் சிவப்புப் போக வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பிரச்சினை.

ஆவணியில் அப்பா ஒருபடியாக அம்மாவைச் சம்மதிக்க வைத்து அக்காவை டிஸ்பென்சரி டொக்டரிடம் கூட்டிப் போனார். வீட்டில் தனியே விட ஏலாது என்று என்னையும் கொண்டுபோனார்கள். டொக்டர் அக்காவின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப துவங்கினது?"

"கச்சான் பிடிச்ச கையோட டொக்டர்," என்றார் அம்மா.

"மூட்டு நோகுதோ?"

"ஓம்," என்றாள் அக்கா.

"முடி கொட்டுதோ?"

"அது இந்தக் காத்துக்கு எல்லாருக்கும் கொட்டுது டொக்டர்," என்று அம்மா முந்திக்கொண்டார். "எனக்கும் கொட்டுது."

டொக்டர் அம்மாவின் தலையைப் பார்த்தார். அம்மாவுக்கு அந்த வயதிலும் கொண்டை கைக்கு அடங்காது. "பெரியாஸ்பத்திரியில ஒருக்கா ரத்தம் சோதியுங்கோ," என்றார். "வெறும் தோல் வருத்தம் மாதிரித் தெரியேல்லை."

திரும்பி வரும் வழியில் அப்பா, "நாளைக்கே போவம்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? அங்க ரத்தம் எடுக்கிறவர் ஆரெண்டு தெரியுமே? மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வளவு. பொம்பிளைக்கு ரத்தம் சோதிச்சவையாம் எண்டு ஒரு கதை போச்செண்டால் போதும். பாலையூற்று முழுக்க வருத்தக்காரி எண்டு பேர்."

"அந்தாளுக்கு வேற வேலை இல்லையே?"

"ரத்தம் எடுக்கிறது அரை வேலை. மிச்ச நேரம் கதைதான். காத்து மாறட்டும் அப்பா. மாறாட்டி நானே கூட்டிக்கொண்டு போறன்."

எங்கள் அம்மா அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பிறந்த பிறகு அவருக்கு வேறு பெயர் இருக்கவில்லை. அப்பா நின்று அக்காவைப் பார்த்தார். முடிவை அவளிடம் விட்டார் என்று இப்போது தெரிகிறது. இருபது வயதுப் பிள்ளை, கார்த்திகைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவள், என்ன சொல்லுவாள்?

"காத்து மாறட்டும் அப்பா," என்றாள். "எனக்கும் ஊசிக்குப் பயம்."

அந்தக் கச்சான் மாதங்கள் போகவே மாட்டேன் என்று கிடந்தன. அக்கா ரைப்பிங் வகுப்பை நிறுத்தினாள். முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு கிடப்பாள். நான் பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் வீசுவேன். துறைமுகத்துப் பக்கமிருந்து கோதுமைத் தூசியும் எண்ணெய்ப் புகையும் கலந்த மணம் அடிக்கும். துணிக்குள்ளிருந்து அவள் ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "கொடி எந்தப் பக்கமாம்?" அப்பா தென்மேற்கு என்று சொல்லச் சங்கடப்பட்டு, "கொஞ்சம் தடுமாறுது, மகள். திரும்பும் போலத்தான் கிடக்கு," என்பார். அந்தக் கிளாக்கர் தன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்கள் அவையாகத்தான் இருக்கும்.

ஒருவழியாக ஐப்பசியில் ஒரு பின்னேரம் அப்பா சைக்கிளைச் சாத்தாமலேயே வாசலில் நின்று கத்தினார்: "வடகிழக்கு!"

அம்மா கையைத் தட்டினார், கலியாணத் தேதி வந்த மாதிரி. அன்றைக்கே தட்டு மாறியது. நீலப் போத்தல் கீழே இறங்கியது, எண்ணெய்ப் போத்தல் மேலே ஏறியது. மழை கட்டியது. வானத்தில் சூரியன் இருக்கிறதா என்றே தெரியாத நாட்கள். அக்கா வாசல் தாண்டவில்லை. கொஞ்ச நாளில் கன்னத்துச் சிவப்பு மங்கி, பிறகு தேடினாலும் தெரியாமல் போய்விட்டது.

"சொன்னனா? சொன்னனா இல்லையா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், குசினிச் சுவரிடமும் கேட்டார். அப்பா இரத்தச் சோதனையைப் பற்றி மெல்ல வாயெடுத்தபோது, "எதுக்கு? இல்லாத வருத்தத்துக்கோ?" என்று முடித்துவிட்டார். கிண்ணியாவிலிருந்து வந்து கடைத்தெருவில் கடை போட்டிருந்த முஸ்லிம் முதலாளியிடம், எங்களுக்கு அவர் நானா, அம்மாவும் நானும் நல்லெண்ணெய் வாங்கப் போனோம்.

"என்ன அக்கா, ரெண்டு போத்தல்? முகத்துக்கோ, முறுக்குக்கோ?" என்று அம்மாவிடம் கேட்டார் நானா.

"முகத்துக்கு, நானா. பேந்து முறுக்குக்கும் வருவன்," என்றார் அம்மா. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு சாமான் வாங்கி நான் பார்த்ததில்லை.

இன்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பை விரட்டியது எண்ணெயுமல்ல, வாடையுமல்ல. அவள்மேல் வெயில் படவில்லை, அவ்வளவுதான். முகத்தை விட்டுவிட்டு நோய் உள்ளே இறங்கிப்போயிருந்தது.

அக்காவின் முகம் நிரம்பத் தொடங்கியது. கன்னம் பூரித்து, கண்ணுக்குக் கீழே இலேசாக மேடிட்டது. காலையில் கண் இரண்டும் கோடாக இருக்கும். மத்தியானம்தான் நன்றாகத் திறக்கும். மோதிரம் விரலைப் பிடித்தது. "சந்தோசத்தில உடம்பு பிடிக்குது," என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மாமியும், "வாடைக்குப் பிள்ளை பொலிஞ்சு போனாள்," என்றார். எல்லாரும் அவளுடைய முகத்தைத்தான் பார்த்தார்கள், மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் மாப்பிள்ளை பகுதி குடைகளோடு வந்தது. மழையில் வந்ததால் எல்லாரிடமும் குடை. அக்காவின் ஆளை எனக்குத் தனியாக அடையாளம் காண முடியவில்லை. அக்கா மாம்பழ நிறச் சேலையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அன்றைக்குப் பவுடரே போடவில்லை. தேவையில்லை என்றார் அம்மா. மாப்பிள்ளையின் தாய் அவளைப் பக்கத்தில் இருத்தி நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"படத்தில மெலிஞ்ச பிள்ளை மாதிரி இருந்தா. நேரில நல்ல நிறைஞ்ச முகம். எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர்கள் போன பிறகு அக்கா கட்டிலில் விழுந்து சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தனெண்டால் சீதனமும் வேண்டாமெண்டு சொல்லியிருப்பா," என்றாள். நானும் சிரித்தேன். அது பகிடி என்றுதான் நினைத்தேன். பகிடிதான். ஆனால் 'வீங்கியிருந்தனெண்டால்' என்று அவள்தான் சொன்னாள். 'பொலிஞ்சிருந்தனெண்டால்' என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் சரியான சொல்லைப் பாவித்த ஒரே ஆள் அவள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கலியாணத்தைப் பங்குனியில் வைக்கப் பேசினார்கள். மார்கழியில் மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கியபோது, அக்கா கட்டிலில் காலை நீட்டி, "இஞ்ச வா, ஒரு விளையாட்டுக் காட்டுறன்," என்று என்னைக் கூப்பிட்டாள். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்தி எடுத்தாள். குழைத்த மாவில் விரல் வைத்த மாதிரி ஒரு குழி விழுந்து அப்படியே நின்றது. நான் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தேன். அவள் பக்கத்தில் இன்னொரு குழி வைத்தாள். "கண் ரெண்டு. மூக்கை நீ வை." நான் மூக்கு வைத்தேன். கீழே வரிசையாகக் குட்டிக் குழிகளாக வாய் வைத்தோம். அவளுடைய காலில் ஒரு முகம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. மெல்ல மெல்ல, முதலில் வாய், பிறகு மூக்கு, பிறகு கண்கள் என்று அது நிரம்பி அழியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இன்னொன்று செய்தோம். மழை நாட்களில் எங்களுக்கு வேறு விளையாட்டுப் பொருள் தேவைப்படவில்லை.

அம்மா ஒருநாள் கண்டுவிட்டார். "காலில குளிர்த் தண்ணி கோத்திருக்கு," என்று தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தணம் கொடுத்தார். அத்தோடு வாடைக் காலச் சட்டத்தின் அடுத்த பிரிவும் அமுலுக்கு வந்தது. வாடையில் உடம்பில் இறங்கிய குளிரை எண்ணெயும் இளவெயிலும் எடுத்துவிடும். முகத்துக்கும் அதுதான் மினுமினுப்புத் தரும். கச்சானுக்கு நிழல், வாடைக்கு வெயில். எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறையாகச் செய்து வந்ததுதான். அம்மாவும் அவருடைய தங்கச்சிமாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள், நன்றாகத்தான் வளர்ந்தார்கள்.

தை பிறந்ததும் வெயில் அடிக்கடி முகம் காட்டியது. முகம் காட்டுகிற போதெல்லாம் அப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைப்பார். அம்மா அக்காவின் முகத்திலும் கையிலும் காலிலும் நல்லெண்ணெயைத் தேய்த்து அதில் இருத்துவார். மஞ்சள் கலந்த எண்ணெயில் அவள் கோயில் விக்கிரகம் போல மினுங்குவாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, புள்ள. அந்தக் கன்னத்திலயும் படட்டும்."

"அம்மா, எரியுது."

"எண்ணெய் உள்ள இறங்கினால் எரியும்தான். பொறு."

பொறுத்தாள். வண்ணத்துப்பூச்சி திரும்பி வந்தது. இந்த முறை கருஞ்சிவப்பாக, மூக்கின்மேல் இறுகக் குந்திக்கொண்டு. காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண். ஒரு காலை அம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தபோது அக்கா கதிரையில் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், கதைக்க ஏலவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். இளம் வயது, மெல்லிய குரல். கேட்ட கேள்விகளெல்லாம் ஆவணியில் கேட்ட அதே கேள்விகள். இந்த முறை அம்மா முந்திப் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. டொக்டர் அவளுடைய கன்னத்தைத் தொட்டு, "நாங்களும் இதை வண்ணத்துப்பூச்சி மாதிரித் தடிப்பு எண்டுதான் படிச்சனாங்கள்," என்றார்.

அக்கா உதட்டைப் பிரித்தாள். "முதல் கண்டுபிடிச்சது நான்தான்," என்றாள்.

டொக்டர் அப்பாவையும் அம்மாவையும் வெளியே விறாந்தைக்குக் கூட்டிப் போனார். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோயின் பெயரைச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அது வாயில் நிற்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்றார். "கண்டிக்கு அனுப்ப ஒழுங்கு செய்யிறம். சண்டையால பூட்டின பாதை திறந்தவுடன அனுப்புவம். அதுவரைக்கும் வெயில் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ. இந்த வருத்தத்துக்கு வெயில் ஆகவே ஆகாது."

"வெயிலோ?" என்றார் அம்மா.

"ஓம், அம்மா. கொஞ்ச வெயிலும் கூடாது."

"இளவெயிலும்?"

"இளவெயிலும்தான்."

அம்மா தலையை ஆட்டினார். கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுகிற மாதிரி.

பாதை திறக்கிறதுக்கு முதலே முடிந்துவிட்டது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கேரியரோடு அப்பாவும் நானும் ஆஸ்பத்திரி வாசலால் நுழையும்போது, அம்மா எங்களை நோக்கி வெறுங்கையோடு நடந்து வந்தார்.

பிற்காலத்தில் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம், உங்களுக்குத் தெரியும். ஆவணியில் இரத்தம் சோதித்திருந்தால் அவளுக்கு எத்தனை வருடம் கிடைத்திருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கொஞ்சம் கிடைத்திருக்கலாம். ஒரு கலியாணத்துக்குப் போதுமான அளவு கிடைத்திருக்கலாம். அம்மாவிடம் நான் இதைப் பற்றிக் கதைத்ததில்லை. அலுமாரியின் இரண்டு தட்டும் எப்போது வெறுமையானது, ரோசாப்பூப் பஞ்சு எங்கே போனது என்றும் கேட்டதில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் கச்சான் வந்தது, வாடை வந்தது. ஒருவரும் அவற்றின் பெயரைச் சொல்லவில்லை. "வெளியில காத்து" என்போம், அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்கு நீங்கள் வரவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று உங்கள் வீடுகளில் மறித்திருப்பார்கள். அதனால் அந்தக் காலையை உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் பெண்கள் அவளுக்கு எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டி, கலியாணக் கூறை போல ஒரு சிவப்புச் சேலை கட்டினார்கள். மாப்பிள்ளையின் தாயும் வந்திருந்தார். கிரியைக்காகப் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து, தலைமாடு தெற்கே இருக்கப் பந்தலுக்குள் வைத்தார்கள். எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, முற்றத்தோடு சரி. மாசி மாதம். மழை முற்றாக விட்டு, வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பந்தலுக்கு மேலே கட்டிய வெள்ளைத் துணி ஒரு பக்கம் எட்டாமல் போய், அந்த இடைவெளியால் வெயில் நேரே அக்காவின் முகத்தில் விழுந்தது.

அதுவரை ஒரு மூலையில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். "முகத்தில வெயில் படுது. கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஐயர் துவங்கிட்டார், தங்கச்சி," என்றார் பெரியப்பா. "இனி அசைக்கக் கூடாது. இப்ப முடிஞ்சிடும்."

"டொக்டர் சொன்னவ," என்றார் அம்மா. "கொஞ்ச வெயிலும் கூடாதாம்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். "பாவம், மனம் பேதலிச்சிட்டுது," என்று எனக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள். அப்பா கையைப் பிடித்து இருத்தப் பார்த்தார். அம்மா கையை விடுவித்துக்கொண்டு எழும்பினார். அழவில்லை. பெட்டிக்குக் கிழக்குப் பக்கம் போய், வெயிலுக்கு முதுகு காட்டி நின்றார். ஒரு அடி இப்படி, அரை அடி அப்படி என்று நின்ற இடத்தைத் திருத்தினார். அவருடைய நிழல் அக்காவின் நெற்றியிலிருந்து நாடிவரை விழுந்து மூடியது.

கிரியை நீண்டது. வெயில் ஏற ஏற நிழல் குறுகிக்கொண்டு வந்தது. குறுகக் குறுக அம்மா பெட்டிக்குக் கிட்டக் கிட்ட வந்தார். கடைசியில் நின்றால் நிழல் எட்டாது என்றானபோது, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், முகத்துக்கு மேலே முகமாக. மூட வந்த ஆட்கள் தோளைப் பிடித்து விலக்கும்வரை அப்படியே நின்றார்.